இன்ஃபில் ஹவுசிங்: தமிழில் இடைநிரப்புக் குடியிருப்பு

நகரத்துக்குள் யாரும் பயன்படுத்தாமல் கிடக்கும் பார்க்கிங் இடங்களில் வீடு கட்டுவதைப் பற்றிப் படித்தால் 'இன்ஃபில் ஹவுசிங்' என்ற சொல் கட்டாயம் கண்ணில் படும். சுற்றிலும் கட்டடங்கள் எழுந்துவிட்ட பகுதியில், நடுவே விடுபட்ட அல்லது பயன் தீர்ந்துபோன மனையில் வீடு கட்டுவதுதான் இன்ஃபில். வயலை அழித்து ஊரை நீட்டிக்கொண்டே போவதற்கு இது நேர் எதிர். சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய், பேருந்து எல்லாம் பக்கத்திலேயே இருக்கும், குடியிருக்க வீடு மட்டும்தான் இருக்காது.

'இன்' உள்ளே, 'ஃபில்' நிரப்பு. கட்டடத் தொழிலில் மரச்சட்டங்களுக்கு நடுவே செங்கல் வைத்து அடைப்பதற்கும் இதே பெயர்தான்.

'பார்க்கிங்' வந்த வழி இன்னும் நீளமானது. 'பார்க்' பழைய பிரெஞ்சில் வேட்டை விலங்குகளுக்காக வேலி போட்டு அடைத்த நிலம். அப்புறம் ராணுவத்தில் பீரங்கிகளையும் வண்டிகளையும் வரிசையாக நிறுத்தும் திடலுக்கு அந்தப் பெயர் போனது, அங்கிருந்துதான் 'நிறுத்துதல்' என்ற பொருளே பிறந்தது. 1870களின் வாஷிங்டனில் 'பார்க்கிங்' என்றால் தெருவோரம் மரமும் புல்லும் வளர்க்க ஒதுக்கிய நிலம்! வண்டி நிறுத்தும் இடத்தை ஈழத்தமிழில் 'தரிப்பிடம்' என்கிறார்கள், நல்ல சொல். தரித்தல் என்றால் தங்குதல் என்றும் பொருள் உண்டு.

சரி, இன்ஃபிலுக்குத் தமிழ் என்ன? 'மறுசீரமைப்பு' என்று எழுதுவது எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் அந்தச் சொல் இருக்கிற வீடுகளை இடித்து ஆட்களை வெளியேற்றுவதையும் சேர்த்துக்கொள்கிறது, பார்க்கிங் மனையிலோ வெளியேற்ற யாருமே இல்லை. வெறும் 'நிரப்பு' என்றால் ஏரியை மண் போட்டு மூடுவதுதான் நினைவுக்கு வரும். அதனால் 'இடை' முக்கியம். இடைவெளி, இடைச்செருகல் போல 'இடைநிரப்பு' காதுக்கும் பழக்கமான அமைப்புதான். இடைநிரப்பு மனை, இடைநிரப்புக் குடியிருப்பு என்று தாராளமாக எழுதலாம்.

பார்க்கிங்கை முழுதாக ஒழித்தால்தான் இடைநிரப்பு என்றும் இல்லை. மியூனிக்கில் டான்டேபாட் நீச்சல்குளத்தை ஒட்டிய பார்க்கிங்கின் மேல் தூண்கள் எழுப்பி 100 வீடுகளை 2016இல் கட்டி முடித்தார்கள், கீழே கார்கள் வழக்கம்போல் நிற்கின்றன. பல நகரங்களில் இதற்குக் குறுக்கே நிற்பது, வீட்டுக்கு இத்தனை கார் இடம் கட்டாயம் என்ற விதி. அமெரிக்காவின் பஃபலோ நகரம் அந்த விதியை 2017இல் எடுத்துவிட்டது. வந்துபோகும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்குச் சுமார் 30 சதுர மீட்டர் போகிறது, ஒருவர் குடியிருக்க ஒரு சிறு வீடே அதில் அடங்கும்.

பல அடுக்குப் பார்க்கிங் கட்டடத்தை இடிக்காமல் உள்ளேயே வீடுகளாக மாற்றினால் அது இடைநிரப்பு ஆகாது. சரிவான தளம், தாழ்ந்த கூரை என்று அதன் சிக்கல்களே வேறு, அதற்கு 'மறுபயன்பாடு' என்ற சொல்தான் சரி.