‘ஃபீட்’ சொன்ன குழந்தை ‘ஃபுட்ஸ்’ சொல்வது ஏன்?

வெளிநாட்டில் இருக்கும் ஒரு வாசகி தன் மகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார். வீட்டில் தமிழ், வெளியே ஆங்கிலம் என்று வளரும் குழந்தை. கொஞ்ச நாள் முன்புவரை ‘ஃபீட்’ (பாதங்கள்), ‘மைஸ்’ (எலிகள்) என்று சரியாகச் சொன்னவள், நான்கு வயது நெருங்கும்போது ‘ஃபுட்ஸ்’, ‘மவுஸஸ்’ என்கிறாளாம். கற்றது மறந்துபோகிறதா, டாக்டரிடம் காட்ட வேண்டுமா என்பது அவருடைய கவலை.

கவலையே வேண்டாம் அம்மா. உங்கள் மகள் ஆங்கிலப் பன்மையின் விதியைக் கண்டுபிடித்துவிட்டாள். முன்பு ‘ஃபீட்’ அவளுக்கு ஒரு தனிச் சொல். ‘ஃபுட்’டோடு அதற்கு இருக்கும் உறவு தெரியாமலே, கேட்டதை அப்படியே சொன்னாள். அப்புறம் நூற்றுக்கணக்கான சொற்களைக் கேட்டுக் கேட்டு, ஒன்றுக்கு மேல் என்றால் கடைசியில் ‘ஸ்’ வரும் என்று அவளே புரிந்துகொண்டாள். புரிந்ததை எல்லாச் சொல்லிலும் போட்டுப் பார்க்கிறாள். இந்த வயதிலும் சரியான வடிவத்தைச் சொல்லும் தடவைகள்தான் அதிகம் இருக்கும். பிழை மட்டும் நம் காதில் விழுகிறது. விதிக்கு அடங்காத சொற்களைப் போதுமான அளவு கேட்டதும் ‘ஃபீட்’ திரும்பி வந்துவிடும்.

‘ஃபீட்’டும் ஒரு காலத்தில் விதிப்படி பிறந்ததுதான். பழைய ஆங்கிலத்துக்கும் முந்தைய நிலையில் பன்மைக்கு ஓர் இகர விகுதி இருந்தது. அந்த இகரம் முன்னால் இருந்த உயிரெழுத்தைத் தன் பக்கம் இழுத்து மாற்றியது. பிறகு இகரம் உதிர்ந்துவிட்டது, மாற்றம் மட்டும் தங்கிவிட்டது. ‘மைஸ்’, ‘டீத்’, ‘மென்’ எல்லாம் அந்த வழியில் வந்தவை. சரி, இது பலர் எழுதிய கதை. எனக்குப் பிடித்தது வேறு: அந்தச் சாதாரண ‘ஸ்’.

1958-இல் ஜீன் பெர்க்கோ என்ற அமெரிக்க ஆய்வாளர் ஓர் ஆய்வை வெளியிட்டார். நான்கு முதல் ஏழு வயதுவரையான குழந்தைகளிடம் தானே வரைந்த படங்களைக் காட்டினார். குண்டாக, பறவை மாதிரி ஓர் உருவம். “இது ஒரு வக்” என்றார். (இங்கே ‘க்’ என்பதை ‘பங்கு’வில் வரும் ‘கு’ மாதிரி மென்மையாகச் சொல்ல வேண்டும்.) அடுத்து அதே உருவம் இரண்டு. “இப்போது இன்னொன்று வந்திருக்கிறது. இரண்டு இருக்கின்றன. இவை இரண்டு…” என்று நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். அப்படி ஒரு சொல் ஆங்கிலத்தில் அப்போது கிடையாது. குழந்தை அதை எங்கும் கேட்டு மனப்பாடம் செய்திருக்க வழியே இல்லை. ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் பன்மையைச் சரியாகச் சொன்னார்கள்.

சரியாக என்றால் எவ்வளவு சரியாக? அதற்கு உங்கள் விரல்கள் வேண்டும். இரண்டு விரல்களைக் குரல்வளை மேல் வையுங்கள். ‘ஸ்ஸ்ஸ்’ என்று குக்கர் ஆவி விடுகிற மாதிரி இழுங்கள். தொண்டை சும்மா இருக்கும். நாக்கையும் உதட்டையும் அசைக்காமல், வாய்க்குள் வண்டு இரைவது போல ஒலி எழுப்புங்கள். இப்போது விரலுக்குக் கீழே அதிரும். குரல் நாண்கள் ஒன்றோடொன்று நெருங்கி அதிர்கின்றன. வயது வந்த ஆண்களுக்கு வினாடிக்கு ஏறத்தாழ 100 முறை, பெண்களுக்கு 200, சிறு குழந்தைகளுக்கு 300 வரை. நாக்கின் வேலை இரண்டிலும் ஒன்றே. அதிரும் ஒலியை இங்கே ‘ஃஸ்’ என்று எழுதுகிறேன்.

இப்போது ஆங்கிலேயர் வாயில் ‘கேட்ஸ்’ (பூனைகள்) கேளுங்கள், ‘ஸ்’ அதிராது. ‘டாக்ஃஸ்’ (நாய்கள்) கேளுங்கள், அதிரும். எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. பூனையின் பெயர் அதிராத ‘ட்’டில் முடிகிறது, விகுதியும் அதிர்வை விட்டுவிடுகிறது. நாயின் பெயர் அதிரும் ஒலியில் முடிகிறது, விகுதியும் சேர்ந்து அதிர்கிறது. ஒட்டிப் பிறக்கும் இரண்டு ஒலிகளுக்கு நடுவே குரல் நாண்களை நிறுத்தி இயக்குவது சிரமம். ஒரே நிலையில் வைத்துக்கொள்வது சுலபம்.

இதோடு முடிந்தால் உடலின் சௌகரியம் என்று விட்டுவிடலாம். ஆனால் ‘பென்’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘ன்’னுக்குப் பிறகு அதிராத ‘ஸ்’ சொல்வதில் ஆங்கிலேயருக்கு ஒரு கஷ்டமும் இல்லை, ‘டான்ஸ்’ என்று சொல்கிறார்களே! இருந்தும் பேனாக்கள் ‘பென்ஃஸ்’தான். அப்படியானால் விகுதியின் சொந்த உருவம் அதிரும் ‘ஃஸ்’. ப், ட், க், ஃப் போன்ற அதிராத ஒலிகளின் பக்கத்தில் மட்டும் அது அடங்கிப்போகிறது. அதிரும் மென்மையான ‘க்’கில் முடியும் ‘வக்’குக்குக் குழந்தைகள் சொன்னதும் ‘வக்ஃஸ்’ என்றுதான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுக்க நினைத்தாலும், ஆங்கிலம் தாய்மொழியான பெற்றோரில் பெரும்பாலோருக்கு இப்படி ஒரு விதி இருப்பதே தெரியாது.

தமிழிலிருந்து போன சொற்களையும் இந்த விதி விட்டுவைக்கவில்லை. கட்டுமரம் ‘கட்டமரான்’ ஆனது, பன்மையில் ‘கட்டமரான்ஃஸ்’. சுருட்டு ‘ஷெரூட்’ ஆனது, பன்மையில் ‘ஷெரூட்ஸ்’. ஒன்றில் அதிர்வு, ஒன்றில் இல்லை.

மூன்றாவது உருவமும் உண்டு. ‘பஸ்’ மாதிரி ஸகரத்திலேயே முடியும் சொல்லில் இன்னொரு ஸகரத்தைச் சேர்த்தால் காதுக்குப் பிரித்துத் தெரியாது. அதனால் நடுவே ஓர் உயிர் வந்து ‘பஸஃஸ்’ ஆகிறது. பெர்க்கோவின் குழந்தைகளில் பலர் சறுக்கியது இங்கேதான். ‘கிளாஸ்’ என்ற தெரிந்த சொல்லுக்குச் சரியான பன்மை சொன்ன குழந்தைகளே, ‘டாஸ்’ என்ற புதுச் சொல்லுக்கு இரண்டு ‘டாஸ்’ என்று விட்டுவிட்டார்கள். அந்தப் பிழை எனக்கு ரொம்பப் பிடிக்கும். பன்மை என்றால் கடைசியில் ஸகரம் கேட்க வேண்டும். இந்தச் சொல்லில்தான் ஏற்கெனவே கேட்கிறதே! விதியின் இந்தக் கடைசிப் பகுதி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது.

இதெல்லாம் ஆங்கிலத்தின் விசித்திரம் என்று நினைக்க வேண்டாம். நம் ‘கள்’ விகுதியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ‘பற்கள்’, ‘ஆட்கள்’ என்னும்போது ‘க’ அதிராது. ‘மரங்கள்’ என்னும்போது அதிரும். அங்கேயும் எழுத்து ஒன்றுதான், பக்கத்து ஒலி அதை மாற்றுகிறது. இதை எந்த டீச்சரும் நமக்குச் சொல்லவில்லை, நாமும் தப்பாகச் சொல்வதில்லை.

இதனால்தான் நம் வகுப்பறைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. ‘எஸ் சேர், ஈ-எஸ் சேர்’ என்று பட்டியலை ஒப்பிக்க வைக்கிறோம், ஒலியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. விரலைத் தொண்டையில் வைத்துப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். ‘டூ புக்’ என்று சொல்லும் பிள்ளையைத் திட்டுவதும் நியாயமில்லை. ‘ரெண்டு மாடு’, ‘பத்து ரூபாய்’ என்று தமிழில் எண்ணே பன்மையைச் சொல்லிவிடுகிறது. பிள்ளை அந்தப் பழக்கத்தை ஆங்கிலத்துக்கும் கொண்டுபோகிறது.

இன்னொன்றையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பேச்சு திருத்தமாக வர நாக்கில் வசம்பு தேய்ப்பதும், ‘நாக்கு தடிப்பு, அதனால்தான் வரவில்லை’ என்பதும் இன்னும் இருக்கின்றன. தமிழ் மட்டும் கேட்டு வளர்ந்தவருக்கு ‘ஃஸ்’ பிடிபடாததற்கு நாக்கின் தடிமன் காரணமே இல்லை, காது பழகிய விதம்தான் காரணம். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற உளவியல் ஆய்வாளர்கள் 1984-இல் கனடாவில் காட்டியது இதைத்தான். ஆங்கிலம் கேட்டு வளரும் ஆறேழு மாதக் குழந்தைகள் இந்தியின் ட, த ஒலிகளைப் பிரித்தறிந்தன. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் பெரும்பாலும் மங்கிவிட்டிருந்தது. குழந்தையிடம் நிறையப் பேசுங்கள், வசம்பை விட்டுவிடுங்கள்.

பெர்க்கோவின் ஆய்வுக்கு அட்டை, வண்ணம், பொறுமை இவை போதுமானதாக இருந்தன. தமிழ்க் குழந்தைகளிடம் மாவட்டம் மாவட்டமாக இதைச் செய்யப் பெரிய நிதி தேவையில்லை. மொழியின் பழமையை நிறுவ நடக்கும் விழாக்களுக்கு ஆகும் செலவில் ஒரு துளி போதும். கேட்க வேண்டிய கேள்வியும் தயாராக இருக்கிறது. ‘கல்’ எழுத்தில் ‘கற்கள்’ ஆகிறது, ‘கால்’ மட்டும் ‘கால்கள்’ என்றே நிற்கிறது. பேச்சிலோ இரண்டு கல் ‘கல்லுங்க’. இல்லாத ஒரு பிராணியை வரைந்து ‘இது ஒரு முல்’ என்று காட்டினால் நான்கு வயதுக் குழந்தை என்ன சொல்லும்? ‘முல்லுங்க’ என்றா, ‘முல்கள்’ என்றா? ‘முற்கள்’ எந்த வயதில் வரும், பள்ளியில் எழுதப் படித்த பிறகா, கதைகள் கேட்டே வந்துவிடுமா? வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் படம் வரைந்து கேட்டுப் பாருங்கள். சரி, தப்பு என்று எதுவும் சொல்லாமல், வந்த பதிலை வயதோடு குறித்து எனக்கு எழுதுங்கள்.