டயர் உருகுவதில்லை, ஊறுகிறது

"பழைய டயரை உருக்கித் தாரில் ஊற்றிச் சாலை போடுகிறார்களாமே, வெயிலில் அது இளகிவிடாதா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் திருத்த வேண்டும். டயர் உருகாது.

ரப்பரின் மூலக்கூறுகள் சிக்குண்ட நூல்களைப் போல நீளமானவை. அவற்றோடு கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நூலுக்கும் நூலுக்கும் இடையே முடிச்சு விழுகிறது. 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த வல்கனைசேஷன் இதுதான். முடிச்சு விழுந்தபின் அது உருகி ஓடாது. மிகவும் சூடாக்கினால் சிதைந்து கருகும். பழைய டயர்கள் மலைபோல் குவிந்து கிடப்பதற்கும் இதுவே காரணம்.

சரி, அப்படியானால் தாரோடு எப்படிச் சேர்கிறது?

ஒரு ரப்பர் பேண்டை மண்ணெண்ணெயில் போட்டு ஒரு நாள் விட்டுவிடுங்கள். எடுத்துப் பார்த்தால் தடித்து, நீண்டு, வழவழவென்று இருக்கும். ஆனால் கரைந்திருக்காது. எண்ணெய், முடிச்சுப் போட்ட நூல்களின் வலைக்குள் புகுந்து அவற்றை விலக்குகிறது. முடிச்சுகள் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்கின்றன. அந்த இழுபறி எந்த இடத்தில் சமன் ஆகிறதோ, அதுவரை ரப்பர் உப்பும்.

சாலைக்கான கலவையிலும் நடப்பது இதேதான். நாம் தார் என்று சொல்லும் பிட்டுமெனில் கனமான மூலக்கூறுகளும் இருக்கின்றன, அவை மிதக்கும் லேசான எண்ணெய்களும் இருக்கின்றன. கம்பியும் நாரும் நீக்கி அரைத்த டயர்த் துகள்களை எடையில் 15 முதல் 20 சதவீதம் வரை, ஏறத்தாழ 175 முதல் 200 டிகிரி செல்சியஸ் சூட்டில் பிட்டுமெனோடு கலக்குகிறார்கள். துகள்கள் அந்த லேசான எண்ணெய்களை மட்டும் தேடிக் குடிக்கின்றன. முக்கால் மணி நேரத்தில் இரண்டு மூன்று மடங்கு பருத்து, கூழாங்கல்லாக இருந்தவை ஜெல்லி மணிகளாகிவிடுகின்றன. இங்கே எனக்கு மிகவும் பிடித்த விஷயம், ஒரே செயலில் இரண்டு வேலை முடிந்துவிடுவது. எண்ணெயை இழந்த தார் கெட்டிப்படுகிறது. எண்ணெயைக் குடித்த ரப்பர் ஒன்றையொன்று உரசும் அளவுக்கு நெருங்கி, தாருக்குள் ஆயிரக்கணக்கான சிறு ஸ்பிரிங்குகளாக உட்கார்ந்துகொள்கிறது.

வாசகரின் பயத்துக்குப் பதில் இதில் இருக்கிறது. வெயிலில் சாதாரணத் தார் இளகி, லாரிச் சக்கரத்தின் கீழ் தடம் பதியும். ரப்பர் கலந்தது அமுங்கினாலும் மீண்டு எழும். கடுங்குளிரில் தார் நொறுங்கும் தன்மைக்கு வந்தாலும் உள்ளே இருக்கும் ரப்பர் வளைந்துகொடுப்பதால் விரிசல் எளிதில் பரவாது. அப்புறம், கலவை கெட்டியாக இருப்பதால் ஒவ்வொரு ஜல்லியின்மேலும் தடிமனான பூச்சு வழியாமல் நிற்கும். காற்று உள்ளே போய்த் தாரை முதுமையாக்கவும் நாளாகும்.

1960-களில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் பொறியாளர் சார்லஸ் மெக்டொனால்ட், விரிசல் விட்ட சாலைகளை ஒட்டுப்போடும் வேலையில் இந்த ஊறும் நேரத்தின் அருமையைக் கண்டுகொண்டார். கலந்தவுடன் ஊற்றினால் பயனில்லை. 45 நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருந்தால்தான் புதிய குணம் வருகிறது. அதற்காக மணிக்கணக்கில் கொதிக்கவிடவும் கூடாது. முடிச்சுகள் அறுந்து ரப்பர் சிதையத் தொடங்கும். கெட்டியாகிவந்த கலவை மறுபடி நீர்த்துப்போகும். அதனால்தான் களத்தில் இருப்பவர்கள் ஒரு வாளியில் சூடான கலவையை எடுத்து, கலவை எவ்வளவு கெட்டி என்று காட்டும் கையடக்கப் பிசுபிசுப்புமானியின் சுழலியை அதில் அமிழ்த்தி, முள் எங்கே நிற்கிறது என்று அடிக்கடி பார்க்கிறார்கள். அவ்வளவு பெரிய சாலையின் ஆயுள் அந்தச் சின்ன முள்ளில் இருக்கிறது.

ஒரு விஷயத்தில் எனக்கு ஆதங்கம் உண்டு. புதிய சாலையைத் திறந்துவைக்கப் பணம் கிடைக்கிறது. அதைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து அளந்துகொண்டிருக்கும் ஆய்வுக்குக் கிடைப்பது அரிது. டயர் சிதையாமலிருக்கச் சேர்க்கும் ஒரு வேதிப்பொருள், ஓசோனோடு வினைபுரிந்து 6பிபிடி-குயினோன் என்ற நஞ்சாகி மழைநீரோடு ஓடைகளில் கலந்து கோஹோ சால்மன் மீன்களைக் கொல்கிறது என்பது 2020-இல்தான் தெரியவந்தது. டயர்கள் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே ஓடிக்கொண்டிருந்தன. தாருக்குள் புதைந்த துகளிலிருந்து மழை எவ்வளவை அரித்துச் செல்கிறது என்பதையும், சாலை பழசாகும்வரை ஒவ்வொரு மழைக்காலத்திலும் யாராவது அளக்க வேண்டும். அதற்கான செலவையும் சாலை போடும் செலவிலேயே சேர்த்துவிட வேண்டும்.