கரண்ட்தான் காலைத் தூக்குகிறதே, நோயாளி ஏன் முக்க வேண்டும்?

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து சில மாதங்கள் ஆகின்றன. வலது பாதம் தொங்குகிறது. பிசியோ வந்து கரண்ட் வைக்கிறார், பாதம் தானாக மேலே வருகிறது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் 'ஐயா, நீங்களும் தூக்குங்க' என்று விடாமல் சொல்கிறார். அப்பாவுக்கு எரிச்சல் வருகிறது. அதுதான் கரண்ட் தூக்குகிறதே?"

அந்த பிசியோ வாயால் சொல்வதுதான் பாதி சிகிச்சை.

மூளைக்கு ரத்தம் போகாமலோ, உள்ளே ரத்தம் கசிந்தோ ஒரு பகுதி செயலிழப்பது பக்கவாதம். இதில் கால் தசை கெடுவதில்லை. தசைக்குப் போகும் நரம்பும், அது புறப்படும் முதுகுத் தண்டுவட நரம்பணுவும் (நரம்பு செல்) பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கின்றன. மேலிருந்து உத்தரவு வருவதில்லை, அல்லது மிகவும் சன்னமாக வருகிறது. அவ்வளவுதான். தசைக்குப் போகும் நரம்பே அறுந்திருந்தால் பிசியோ வைக்கும் இந்தக் குட்டிக் குட்டித் துடிப்புகளுக்குத் தசை அசையவே அசையாது.

முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்பக்கம் விரலை வைத்துப் பாருங்கள். சின்னதாக ஓர் எலும்பு முண்டு தட்டுப்படும். பாதத்தை மேலே தூக்கும் நரம்பு அதற்குக் கீழே வளைந்து, தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. கரண்ட் கடத்தும் ஒட்டுப் பட்டை (பேட்) ஒன்றை அங்கே ஒட்டி, இன்னொன்றைக் காலின் முன்பக்கத் தசைமேல் ஒட்டி, நொடிக்கு 30, 40 துடிப்புகள் கொடுத்தால் பாதம் எழும்பும். 1961-ல் லிபர்சன் என்ற மருத்துவர் இதை நடையோடு சேர்த்தார். செருப்புக்குள் குதிகாலுக்கு அடியில் ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டதும் கரண்ட் ஓடும், பாதம் தூக்கும். குதிகால் ஊன்றியதும் நின்றுவிடும். இப்படி நடந்து பழகிய சிலர், கருவியை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் பாதத்தைத் தாங்களாகவே தூக்கினார்கள் என்று அவர் குழு எழுதி வைத்தது. அணைத்த கருவி எப்படி வேலை செய்யும்?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். நாம் காலைத் தூக்கும்போது சமிக்ஞை தண்டுவட நரம்பணுவில் பிறந்து, தசையை நோக்கி ஒரே திசையில் ஓடுகிறது. கருவியோ நரம்பை நடுவழியில் தூண்டுகிறது. பட்டாசுத் திரியை நடுவில் பற்றவைத்தால் இரண்டு பக்கமும் எரியுமே, அதேதான். ஒரு சமிக்ஞை கீழே ஓடித் தசையை இழுக்கிறது. இன்னொன்று எதிர்த்திசையில், நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில், தண்டுவடத்துக்கு ஏறுகிறது. முழங்காலிலிருந்து தண்டுவடம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஆக, ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்குள் அது நரம்பணுவைத் தொட்டு இயங்க வைத்துவிடும்.

சரி, அதனால் என்ன? ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் நரம்பணுக்களுக்கு இடையே இணைப்பு பலப்படும் என்று 1949-ல் டொனால்ட் ஹெப் என்ற உளவியலாளர் சொன்னார். 2003-ல் டேவிட் ரஷ்டன் என்ற ஆய்வாளர் அதை இங்கே பொருத்திப் பார்த்தார். அப்பா முக்கித் தூக்க முயலும்போது மூளையிலிருந்து ஒரு சன்னமான உத்தரவு இறங்கி நரம்பணுவின் வாசலுக்கு வருகிறது. தனியாக வந்தால் நரம்பணுவை இயங்க வைக்க அந்த உத்தரவுக்குத் தெம்பு போதாது. ஆனால் அதே நேரத்தில் கீழிருந்து ஏறிவந்த சமிக்ஞை நரம்பணுவை இயங்க வைத்துவிடுகிறது. இரண்டும் ஒத்துப்போவதால் அந்தச் சன்னமான இணைப்பு கொஞ்சம் பலம் பெறுகிறது. அப்பா டிவி பார்த்துக்கொண்டு படுத்திருந்தால் மேலிருந்து எதுவும் வராது. பலப்படுத்த எதுவும் இல்லை. ரஷ்டன் சொன்னது இன்றும் கருதுகோள்தான், மூளைக்குள் நடக்கும் மாற்றங்களுக்கும் பங்கு உண்டு. இருந்தாலும், வெகுகாலம் வீண் என்று ஒதுக்கப்பட்ட எதிர்த்திசைச் சமிக்ஞைக்கு இப்படியொரு வேலை இருக்கலாம் என்று யோசித்த மூளையை மெச்சத் தோன்றுகிறது.

இதே எண்ணத்தில் இன்னொரு வகைக் கருவியும் உண்டு. நோயாளி முயலும்போது தசையில் எழும் மைக்ரோவோல்ட் அளவு மின்னசைவைப் பிடித்து, அதன் பிறகுதான் கரண்ட் விடும். முயலாவிட்டால் கருவி சும்மா இருக்கும். இங்கே ஏமாற்ற முடியாது!

நம் ஊரில் பக்கவாதம் என்றதும் புறாவைத் தேடி ஓடி, அதன் ரத்தத்தைக் காலில் தடவும் வழக்கம் இன்னும் சாகவில்லை. தோல்மேல் காயும் ரத்தத்துக்குத் தண்டுவடத்துக்குப் போக வழி கிடையாது. அதில் போவது புறாவின் உயிரும், மீட்சிக்கு அருமையான ஆரம்ப வாரங்களும்தான். இன்னொரு வருத்தமும் உண்டு. குதிகால் சுவிட்ச் பெரிய தொழில்நுட்பம் இல்லை. நம் பொறியியல் கல்லூரிகளுக்கு இதற்கென்று கொஞ்சம் ஆராய்ச்சிப் பணம் கிடைத்தால், மலிவாகச் செய்து வீடு தேடி வரும் பிசியோவின் பைக்குள் போட்டுவிடலாம்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்களுக்கு: பாதித்த காலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், சுட்டாலும் அப்பாவுக்குத் தெரியாது. ஒட்டுப் பட்டையை எடுத்ததும் தோலைப் பாருங்கள். சிவப்பு சீக்கிரம் மறையாவிட்டால், கொப்புளம் இருந்தால், மறுபடி வைக்காமல் பிசியோவிடம் காட்டுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர் என்றாலோ, காலில் ரத்தக்கட்டி சந்தேகம் என்றாலோ மருத்துவரைக் கேட்காமல் கரண்ட் வேண்டாம்.

"அப்போ நாள் முழுக்கச் செய்யலாமா?" என்று அடுத்து கேட்பீர்கள். வேண்டாம். இயல்பாக நாம் அசையும்போது, சீக்கிரம் களைக்காத சின்ன நரம்பிழைகள் முதலில் வேலைக்கு வரும். வெளியிலிருந்து வரும் கரண்ட்டுக்குப் பெரிய இழைகள்தான் சுலபத்தில் மசியும். அவை இயக்கும் தசை விரைவில் களைத்துவிடும். பயிற்சியிலும் அளவு முக்கியம். 2015-ல் வெளியான ஏவர்ட் ஆய்வில், பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி, அடிக்கடி, அதிகமாகப் பயிற்சி கொடுத்தார்கள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிட இவர்களில் நன்றாகத் தேறியவர்கள் குறைவு. அதே தரவைப் பிறகு அலசியபோது, கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை எழுந்தவர்கள் மேலாக இருந்தது தெரிந்தது. அப்பா ஆரம்ப நாட்களைத் தாண்டிவிட்டார் என்றாலும், ஒரே மூச்சில் ஒரு மணி நேரம் படுத்துவதைவிட, பிசியோ சொல்லும் அளவைக் காலை, மதியம், மாலை என்று பிரித்துச் செய்வது அவருக்கும் எரிச்சலைக் குறைக்கும்.