ஊர்ப்பெயரின் பொருளை எவ்வாறு கண்டறிகிறார்கள்?

விந்தையான ஓர் ஊர்ப்பெயரைக் கேட்டதும், இன்றைய ஒலிப்பை வைத்தே அதைப் பிரித்துப் பொருள் சொல்ல முற்படுவது மனித இயல்பு. அவ்வாறு சொல்லப்படும் விளக்கங்கள் பெரும்பாலும் பிழையாகவே முடிகின்றன. பெயரைச் சூட்டியவர்கள் பேசியது இன்று அங்கு வழங்கும் மொழியாக இல்லாமல் இருக்கலாம். அதே மொழியாகவே இருந்தாலும் பல நூற்றாண்டுகளில் அதன் ஒலிகள் தேய்ந்தும் திரிந்தும் போயிருக்கும். ஆகவே இடப்பெயர் ஆய்வாளர் முதலில் தேடுவது பெயரின் பொருளை அன்று, அதன் மிகப் பழைய எழுத்து வடிவத்தையே. கல்வெட்டு, நாணயம், நிலப்பத்திரம், வரிப்பதிவேடு ஆகியவற்றில் கிடைக்கும் வடிவங்களைக் கால வரிசையில் அடுக்கி, ஒன்றிலிருந்து அடுத்தது அந்தந்த மொழியின் ஒலிமாற்ற விதிகளுக்கு உட்பட்டுப் பிறந்திருக்க இயலுமா என்று அவர் சோதிக்கிறார்.

இங்கிலாந்திலுள்ள யார்க் நகரம் இதற்கு மிகச் சிறந்த சான்று. ரோமானியர் அதை எபோராகம் என்று அழைத்தனர். வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய விண்டோலாண்டா கோட்டையில் கிடைத்த, ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் பழமையான மரப்பலகைக் குறிப்பு ஒன்றிலும் இப்பெயர் இடம்பெறுகிறது. அதற்கும் அடியில் இருப்பது, ரோமானியருக்கு முன்பே அங்கு வழங்கிய கெல்டிய மொழியின் பழைய சொல். ‘யூ (ஊசியிலை மரவகை ஒன்று) மரங்கள் உள்ள இடம்’ என்பது அதன் பொருள் எனப் பெரும்பாலான அறிஞர்கள் கருதுகின்றனர். பின்னர் வந்து குடியேறிய ஆங்கிலோ-சாக்சன்களுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. ஆனால் அதன் ஒலி, காட்டுப்பன்றியைக் குறிக்கும் தங்கள் ‘எயோஃபோர்’ என்ற சொல்லை ஒத்திருந்ததால், குடியிருப்பைக் குறிக்கும் ‘விச்’ என்பதைச் சேர்த்து எயோஃபோர்விச் ஆக்கிவிட்டனர். 866இல் நகரைக் கைப்பற்றிய வைக்கிங்குகளின் நாவில் அது யோர்விக் ஆகி, நாளடைவில் யார்க் என்று சுருங்கியது. ஆங்கிலோ-சாக்சன் கால ஆவணங்கள் மட்டுமே எஞ்சியிருந்தால், இது பன்றியின் பெயரால் அமைந்த ஊர் என்று மிகக் கவனமான ஆய்வாளரும் ஐயமின்றி முடிவு செய்திருப்பார். புரியாத பெயரைத் தெரிந்த சொல்லாகத் திருத்திக்கொள்ளும் இந்தப் பழக்கமே இத்துறையின் பெருந்தடை என்பது என் கருத்து.

ஒலிமாற்றம் தாறுமாறாக நிகழ்வதில்லை என்பதுதான் ஆய்வாளருக்குக் கைகொடுக்கிறது. இத்தாலியின் நாபோலியும் பாலஸ்தீனத்தின் நாப்லஸும் ஒன்றுக்கொன்று தொடர்பற்ற பெயர்களாகவே தோன்றும். இரண்டும் ‘புதிய நகரம்’ எனப் பொருள்படும் நேயாபோலிஸ் என்ற கிரேக்கப் பெயரிலிருந்து வந்தவை. அரபு மொழியில் ‘போலிஸ்’ என்பதன் முதல் ஒலியான வல்லொலி (p) இல்லாததால், அவ்விடத்தில் ‘ப்லஸ்’ என்பதிலுள்ள மெல்லொலி (b) அமர்ந்துகொண்டது.

பெயர்களுள் மிக நீண்ட ஆயுள் உடையவை பேராறுகளின் பெயர்களே. ஊர் அழிந்து வேறு பெயரில் எழக்கூடும். பல சமூகங்களின் நிலத்தைக் கடந்து ஓடும் ஆற்றுக்கோ, புதிதாக வருபவர்கள் முன்பிருந்தவர்களிடம் கேட்டறிந்த பெயரையே வழங்குகின்றனர். அப்படிக் கேட்கும்போது பொதுச்சொல்லே சிறப்புப்பெயராக நிலைத்துவிடுவதும் உண்டு. இங்கிலாந்தில் ஏவன் என்ற பெயரில் பல ஆறுகள் இருப்பதற்குக் காரணம், கெல்டிய மொழியில் அச்சொல்லுக்கு ‘ஆறு’ என்பதே பொருள். கிழக்கு ஐரோப்பாவின் தோன், த்னிப்ரோ, த்னிஸ்தர் ஆகியவற்றிலும் ஆற்றைக் குறிக்கும் பழைய ஈரானியச் சொல் ஒன்று பொதிந்திருக்கிறது. சகாரா என்பதும் பாலைவனத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லே.

ஊர்ப்பெயர் அல்லாத சொற்களைப் பற்றிய சுவையான கதைகளையும் இதே முறையில்தான் சோதிக்க வேண்டும். கங்காரு என்றால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள் எனும் கதை உலகெங்கும் பரவியுள்ளது. 1770இல் ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் கரையில் ஆங்கிலேயக் கடலோடி ஜேம்ஸ் குக்கின் குழுவினர் அச்சொல்லைக் கேட்டு எழுதிக்கொண்டனர். 1820இல் அதே பகுதிக்குச் சென்ற பிலிப் பார்க்கர் கிங் என்ற கடலோடி அவ்விலங்குக்கு வேறொரு சொல்லைப் பதிவு செய்தார். முந்தைய பதிவின்மேல் ஐயம் எழ அதுவும் ஒரு காரணமாயிற்று. 1970களில் ஜான் ஹாவிலண்ட் என்ற மொழியியலாளர் அங்குள்ள கூகு யிமித்திர் மொழியை அதைப் பேசுவோரிடமே ஆராய்ந்தபோது, ‘கங்குரு’ என்பது பெரிய கங்காரு வகை ஒன்றின் பெயர் என்று உறுதியாயிற்று. கிங் எழுதிக்கொண்டது, உண்ணத்தக்க விலங்குகளை எல்லாம் குறிக்கும் ‘மின்ஹா’ என்ற பொதுச்சொல்லாக இருக்க வேண்டும்.