சோஃபாவுக்குள் இருக்கும் புரோமின்

இங்கிலாந்தில் 2023 ஜனவரியிலிருந்து பழைய சோஃபாவைக் குப்பைமேட்டில் புதைக்க முடியாது. மறுசுழற்சிக்கும் அனுப்ப முடியாது. தனியாகச் சேகரித்து எரியுலையில்தான் அழிக்க வேண்டும். ஒரு சோஃபாவுக்கு இத்தனை கெடுபிடி எதற்கு?

1979 மே மாதம் மான்செஸ்டரில் உல்வொர்த் கடையில் தீப்பிடித்து 10 பேர் இறந்தார்கள். விற்பனைக்கு வைத்திருந்த மெத்தை வைத்த இருக்கைகளின் பாலியூரித்தேன் ஃபோம்தான் தீயை அவ்வளவு வேகமாக வளர்த்தது. அந்த ஃபோம் எரியும்போது எழும் கரும்புகையில் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் இருக்கும். 1988இல் பிரிட்டன் கடுமையான விதிகளைக் கொண்டுவந்தது. சிகரெட் கங்குக்கும் தீக்குச்சிச் சுடருக்கும் சோஃபாவின் துணி தாக்குப்பிடிக்க வேண்டும்.

அதற்குப் பரவலாகப் பயன்பட்டது டெக்கா பிடிஇ என்ற ரசாயனம். ஒரு மூலக்கூறில் 10 புரோமின் அணுக்கள் இருக்கும். தீச்சுடர் என்பது ஒரு சங்கிலி வினை. ஹைட்ரஜன், ஹைட்ராக்சில் என்னும் துடிப்பான துகள்கள் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பெருகித்தான் சுடர் நிலைக்கிறது. சூடு பட்டதும் வெளிவரும் புரோமின் அந்தத் துகள்களைப் பிடித்து அடக்கிவிடும், சங்கிலி அறுந்துவிடும். வேலை என்னவோ கச்சிதம்தான்.

ஆனால் டெக்கா பிடிஇ துணியின் இழைகளோடு வேதிப்பிணைப்பில் சேர்ந்திருப்பதில்லை. துணியின் பின்பக்கம் பூசிய பூச்சில் சும்மா கலந்துதான் இருக்கிறது. வருடக்கணக்கில் உட்கார்ந்து எழ, பூச்சு தேய்ந்து வீட்டுத் தூசியில் சேர்கிறது. தரையில் தவழ்ந்து கையை வாயில் வைக்கும் குழந்தைக்குத்தான் அதில் அதிகப் பங்கு போகிறது. இந்தக் குடும்பத்து ரசாயனங்கள் கொழுப்பில் தங்கும். சுவீடனில் சேமித்து வைத்திருந்த தாய்ப்பால் மாதிரிகளைச் சோதித்தபோது, 1972 முதல் 1997 வரை ஏறக்குறைய 5 ஆண்டுக்கு ஒருமுறை இவற்றின் அளவு இரட்டித்திருந்தது. எனக்கு இதில் மிகவும் உறைத்த செய்தி அதுதான். எளிதில் சிதையாத நச்சு ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை 2017இல் டெக்கா பிடிஇயை ஒழிக்க வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது.

புதைத்தால் அது எளிதில் சிதையாது, மெல்ல மெல்ல மண்ணுக்கும் நீருக்கும் கசியும். சரி, கொல்லையில் போட்டுக் கொளுத்தினால்? அது இன்னும் மோசம். குறைந்த சூட்டில் அரைகுறையாக எரியும்போது மூலக்கூறு முழுதாக உடையாமல் புரோமின் கலந்த டையாக்சின்கள் என்ற கொடிய நச்சுப் பொருள்களாக உருமாறும். அதனால்தான் எரியுலையில் வாயுக்களைக் குறைந்தது 850 டிகிரி செல்சியஸில் 2 விநாடியாவது வைத்திருக்கிறார்கள். அந்தச் சூட்டில் கார்பன்-புரோமின் பிணைப்பு அறுந்துவிடும். வெளியேறும் அமில வாயுவைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும். தப்பித்த டையாக்சினை கரித்தூள் உறிஞ்சும். தீயை அடக்கச் சேர்த்த பொருளை இப்படிக் கட்டுப்படுத்திய தீயைக் கொண்டுதான் அழிக்க வேண்டியிருக்கிறது.

எந்த சோஃபாவில் இது இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. கையடக்க எக்ஸ்ரே கருவி புரோமின் இருப்பதைக் காட்டும், அது எந்தச் சேர்மம் என்று காட்டாது. அதனால் இல்லை என்று நிரூபிக்காதவரை இருப்பதாகவே வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாட்டு மேசையின் மெத்தை நாற்காலி, பீன் பேக், திண்டு எல்லாம் இதில் அடக்கம். வெறும் மர நாற்காலிக்கு இந்தத் தொல்லை இல்லை. கிழியாத, இன்னும் உட்காரக்கூடிய சோஃபாவைத் தீப்பாதுகாப்புச் சீட்டோடு இன்னொருவருக்குத் தரலாம். அப்போது அது குப்பைக் கணக்கில் வராது.

கழித்துவிடுவது என்று முடிவானால் உறையைக் கிழிக்காமல் முழுசாக ஒப்படையுங்கள். ஏற்கெனவே கிழிந்திருந்தால் பிளாஸ்டிக் தாளால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். இடத்தை அடைக்கிறதே என்று வெட்டித் துண்டாக்க வேண்டாம், தூசி முதலில் வெட்டுபவரின் மூச்சில்தான் ஏறும். அப்புறம், உள்ளே இருக்கும் ஃபோமைப் பிய்த்துத் தலையணைக்கு அடைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள்.