திருப்பிய ஸ்டீயரிங் தானாகத் திரும்பி வருவது எப்படி?

மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவருடைய ஹேட்ச்பேக் காருக்கு ஏழு வயது. வீல் அலைன்மென்ட் பார்த்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஆனாலும் கையைத் தளர்த்தினால் வண்டி மெல்ல இடப்பக்கம் போகிறது. வளைவில் திருப்பிய ஸ்டீயரிங்கும் முன்போலத் தானாக நேராவதில்லை, கையால் இழுத்துவிட வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒரே கோளாறுதானா என்று கேட்கிறார்.

வேறு வேறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் விடைக்குப் போகும் முன், அவருடைய இரண்டாவது புகாரில் கொஞ்ச நேரம் நிற்கலாம். ஸ்டீயரிங் ஏன் தானாக நேராக வேண்டும்? அதை நடுவுக்கு இழுக்கும் ஸ்பிரிங் உள்ளே எதுவும் கிடையாது. இன்றைய எலெக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங்கில் மோட்டாரும் ஒரு கை கொடுக்கிறது, சரி. பவர் ஸ்டீயரிங்கே இல்லாத பழைய மாருதி 800-இலும் வளைவு முடிந்ததும் ஸ்டீயரிங் கைக்குள் வழுக்கிக்கொண்டு திரும்பியதே, அது எப்படி?

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் பொருத்திக் கொடுத்த தேர் அது. இருந்தும் அதற்கு ஸ்டீயரிங் கிடையாது. முட்டுக்கட்டை போட்டுத்தான் ஒவ்வொரு அடியையும் நேர்செய்கிறார்கள். சக்கரம் தான் போகும் திசையைத் தானே திருத்திக்கொள்ளாது. அதனால் அந்த வேலை முழுக்க முட்டுக்கட்டை போடுபவரின் கண்ணிலும் கையிலும் இருக்கிறது. காரில் இதே வேலையை யாரும் பார்க்காமலே சக்கரம் செய்துகொள்கிறது.

இதில் பாதியை நீங்கள் ஏற்கெனவே பார்த்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் நோயாளியைத் தள்ளிப்போகும் ஸ்ட்ரெச்சரின் சிறு சக்கரத்தைக் கவனியுங்கள். அது சுழலும் ஆணி முன்னால் இருக்கும், சக்கரம் தரையைத் தொடும் இடம் பின்னால் இருக்கும். எந்தப் பக்கம் தள்ளினாலும் சக்கரம் ஆணிக்குப் பின்னால் வந்து நேராகிவிடும். காரில் ஆணி வெளியே தெரியாது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்ட்ரட்டின், அதாவது ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூணின், தலைப்பக்கம் சில டிகிரி பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். மேலே உள்ள பேரிங்கிலிருந்து கீழே சக்கரம் திரும்ப இடம்கொடுக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயின்ட் வழியாக ஒரு கோடு இழுத்தால், அது டயரின் நடுவைத் தாண்டி முன்னால் தரையைத் தொடும். இந்தச் சாய்வுக்குத்தான் காஸ்டர் என்று பெயர். சைக்கிளின் முன் ஃபோர்க்கும் இதே கணக்குதான். வெண்ணாற்றங்கரைச் சாலையில் இரண்டு கையையும் விட்டு சைக்கிள் ஓட்டிய நாட்களில் எனக்கு இது தெரியாது, சைக்கிளுக்குத் தெரிந்திருக்கிறது!

மீதிப் பாதிதான் என்னை மயக்குகிறது. அது ரப்பருக்குள்ளேயே இருக்கிறது.

1000 கிலோ கார் என்றால் ஒரு டயருக்கு ஏறக்குறைய 250 கிலோ. காற்று 33 பி.எஸ்.ஐ., அதாவது சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 2.3 கிலோ. வகுத்துப் பார்த்தால் டயர் தரையைத் தொடும் பரப்பு 108 சதுர சென்டிமீட்டர். உங்கள் உள்ளங்கை அளவு! அந்த உள்ளங்கையை ஒரு பிரஷ் என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டி வளைவில் போகிறது. சக்கரம் பார்க்கும் திசைக்கும் அது உண்மையில் நகரும் திசைக்கும் சிறு கோண வித்தியாசம் இருக்கிறது. முன்விளிம்பில் தரையைத் தொடும் பிரஷ் முடி வளையாமல் நேராக வந்து இறங்குகிறது. இறங்கியதும் அதன் நுனி தார்ச்சாலையைப் பிடித்துக்கொள்கிறது, அடிப்பகுதியோ சக்கரத்தோடு பக்கவாட்டில் நகர்கிறது. பின்னால் போகப்போக வளைவு கூடுகிறது. பின்விளிம்பை எட்டும்போது உச்சமாக வளைந்து, தரையை விட்டதும் படக்கென்று நிமிர்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு ரப்பர் துண்டுக்கும் இதுவே நடக்கிறது.

அப்படியானால் பக்கவாட்டு விசை முன்னால் பூஜ்யம், பின்னால் அதிகம். வரைந்தால் முக்கோணம். பள்ளியில் படித்தபடி முக்கோணத்தின் ஈர்ப்பு மையம் நடுவில் இருக்காது, அகன்ற பக்கம் தள்ளியிருக்கும். ஆகவே மொத்த விசையும் டயர்ப்பரப்பின் நடுவுக்குப் பின்னால், பரப்பின் நீளத்தில் ஆறில் ஒரு பங்கு தள்ளிச் செயல்படுகிறது. பரப்பு 12 சென்டிமீட்டர் நீளம் என்றால் தள்ளியிருப்பது 2 சென்டிமீட்டர். இந்த 2 சென்டிமீட்டர்தான் நெம்புகோல். காஸ்டரே இல்லாவிட்டாலும் இது சக்கரத்தை நேராக்கப் பார்க்கும்.

இன்னும் அழகானது அடுத்து வருகிறது. வளைவை வேகமாக எடுத்தால் முதலில் வழுக்குவது, அதிகம் வளைந்திருக்கும் பின்பக்க ரப்பர்தான். முக்கோணத்தின் உயரமான மூலை சரிகிறது, விசையின் மையம் முன்னால் நகர்கிறது, நெம்புகோல் குறுகுகிறது. டயரின் பிடி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே ஸ்டீயரிங்கின் எதிர்ப்பு குறைந்துவிடுகிறது. கையில் திடீரென்று லேசாகிறது! பிடி நழுவும் முன் டயர் அனுப்பும் முன்னறிவிப்பு இது. ஐப்பசி மழையில் டிராக்டரின் கேஜ் வீல், அதாவது சேற்றில் உழப் போடும் இரும்புச் சக்கரம், வயல் சேற்றைச் சாலையில் இறைத்துப் போயிருக்கும். அறுவடைக் காலத்தில் வைக்கோல் பரப்பியிருக்கும். அங்கே ஸ்டீயரிங் லேசாக உணர்ந்தால், வண்டி நன்றாக ஓடுகிறது என்று மகிழாதீர்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெதுவாகக் காலை எடுங்கள்.

இதைச் சொல்லும்போது ஒன்றைச் சேர்க்காமல் இருக்க முடியவில்லை. சைக்கிள் விழாமல் ஓடுவதற்கு, சுழலும் சக்கரமும் ஃபோர்க்கின் இந்தப் பின்தள்ளலும்தான் காரணம் என்று நூறாண்டுகளுக்கு மேல் சொல்லிவந்தோம். 2011-இல் டெல்ஃப்ட், கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த இரண்டுமே வேலை செய்யாத ஒரு சைக்கிளைச் செய்து தள்ளிவிட்டார்கள். அதுவும் தன்னைத்தானே நிமிர்த்திக்கொண்டு ஓடியது. ‘இதனால் யாருக்கு என்ன லாபம்’ என்று கேட்டிருந்தால் அந்த ஆய்வு நடந்திருக்காது. நம் பாலிடெக்னிக் மாணவர் ஒருவர் டெல்டாவின் களிமண் சாலைகளில் டயர் எப்படித் தேய்கிறது என்று அளக்க விரும்பினால், அதற்கும் யாராவது கேள்வி கேட்காமல் பணம் கொடுக்க வேண்டும் என்பது என் தீவிரமான ஆசை.

சரி, மன்னார்குடிக்கு வருவோம். ஸ்டீயரிங் திரும்பி வராததற்கு முதல் சந்தேகம் ஸ்ட்ரட்டின் மேல் பேரிங். ஏழு வருடத் தூசியிலும் தண்ணீரிலும் அது இறுகியிருக்கலாம். வண்டியை நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். வீட்டில் ஒருவரை ஸ்டீயரிங்கை மெதுவாகத் திருப்பச் சொல்லிவிட்டு, முன் காயில் ஸ்பிரிங்கின் வெளிப்பக்கத்தில், சுருள்களுக்கு இடையே விரல் போகாதபடி, கையை வையுங்கள். பேரிங் நன்றாக இருந்தால் ஸ்பிரிங் வழவழப்பாகச் சுழலும். இறுகியிருந்தால் முறுக்கிக்கொண்டு, ‘டங்’ என்று துள்ளும். அடுத்த சந்தேகம் பால் ஜாயின்ட். அதற்கு முன்பாக டயர் காற்றை, வண்டி ஓடாமல் ஆறியிருக்கும் காலையில் பாருங்கள். காற்றின் வெப்பம் 10 டிகிரி ஏறினால் அழுத்தம் ஒன்றரை பி.எஸ்.ஐ. ஏறிவிடும். ஓடிய சூட்டில் அளந்தால் குறைவு மறைந்துபோகும்.

புது வண்டிக்கு நாலு டயரிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குகிறோம். வீட்டுப் பெரியவர்களின் மனம் நிறைகிறது, அதை நான் தடுக்க மாட்டேன். ஆனால் திருஷ்டி கழிந்துவிட்டது என்று ஆறு மாதம் காற்றே பார்க்காமல் விடுவது உயிரோடு விளையாடுவது. நைட்ரஜன் அடித்தால் பார்க்கவே வேண்டாம் என்பதும் அதே வகை நம்பிக்கைதான். நாம் மூச்சு விடும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன் இருக்கிறது.

இடப்பக்கம் இழுப்பதற்கு டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளோ வெளியோ திரும்பியிருக்கும் கோணம், காரணமாக இருப்பது அரிது. டோ தவறினால் டயர்தான் அநியாயமாகத் தேயும். 14 அங்குல ரிம்மில் ஒரு சக்கரம் வெறும் 3 மில்லிமீட்டர் கோணலாக இருந்தால் அது அரை டிகிரி. கிலோமீட்டருக்கு 8.7 மீட்டர் ரப்பரைப் பக்கவாட்டில் உரசுகிறீர்கள் என்று அர்த்தம். தஞ்சாவூரிலிருந்து கும்பகோணம் போய்ச் சேருவதற்குள் முந்நூற்றைம்பது மீட்டர்! டயர்ப் பட்டைகளின் குறுக்கே உள்ளங்கையை ஓட்டிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பும் மறு திசையில் ரம்பப்பல்லும் தட்டுப்பட்டால் டோ கெட்டிருக்கிறது.

இழுப்புக்கு முதல் காரணம் பெரும்பாலும் சாலைதான். தண்ணீர் வடிய நூற்றுக்கு இரண்டு, இரண்டரை என்று ஓரம் சரிந்திருக்கும். 1000 கிலோ காரை அந்தச் சரிவு 25 கிலோ விசையோடு இடப்பக்கம் தள்ளும். வாய்க்கால் கரைச் சாலைகளில் களிமண் மழையில் உப்பி, கோடையில் வெடித்து, விளிம்பு இன்னும் அமுங்கியிருக்கும். ஆகவே சமதளமான, ஆளில்லாத இடத்தில் ஓட்டிப் பாருங்கள். அங்கும் இழுத்தால், ஓட்டி நிறுத்தியதும் இடது முன் ரிம் மட்டும் சுடுகிறதா என்று பாருங்கள். சுட்டால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுடவில்லையென்றால் முன் டயர்கள் இரண்டையும் இடம் வலமாக மாற்றிப் போடச் சொல்லுங்கள், சுழல் திசை அம்புக்குறி போட்ட டயர்களைத் தவிர. இப்போது வலப்பக்கம் இழுத்தால் குற்றம் டயரின் வார்ப்பில்.

அப்போதும் இடப்பக்கமே போனால் மறுபடி அலைன்மென்ட் கடைக்குப் போங்கள். டோ மட்டும் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள், காஸ்டர் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். இரண்டு பக்கமும் அரை டிகிரிக்கு மேல் வேறுபட்டால், காஸ்டர் குறைந்த பக்கம் வண்டி இழுக்கும். சிறிய கார்கள் பலவற்றில் அதைத் திருகிச் சரிசெய்ய வழி கிடையாது. சக்கரத்தின் அடிப்பக்கத்தை வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்ம் வளைந்திருக்கிறதா, அதன் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறதா என்று கழற்றித்தான் பார்க்க வேண்டும்.