குளோரின் வாசனைக்குப் பயப்பட வேண்டாம்

பினாங்குத் தீவில், ஜெலுத்தோங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனபோது ஃபில்டர் விற்க வந்த பையன் இன்னும் கிளம்பியிருக்கவில்லை. மேசையில் இரண்டு கண்ணாடி டம்ளர்கள். குழாயில் பிடித்த தண்ணீரில் ஏதோ மருந்தை இரண்டு சொட்டு விட்டான், மஞ்சளானது. அவன் ஃபில்டரில் வந்த தண்ணீரில் அதே சொட்டு, நிறம் மாறவில்லை. "பார்த்தீங்களாம்மா, இத்தனை வருஷமா இதைத்தான் குடிச்சிருக்கீங்க" என்றான். அத்தை என்னைப் பார்த்தார். தண்ணீர் சுத்திகரிப்பு ஆலைச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்று என்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லி வைத்திருப்பவர் அவர்.

அந்தச் சொட்டு மருந்தை நானும் ஆயிரக்கணக்கான முறை விட்டிருக்கிறேன். குளோரின் இருந்தால் மஞ்சளாகும், அவ்வளவுதான். ஆலையில் அந்த மஞ்சளைப் பார்த்தால்தான் எங்களுக்கு நிம்மதி. வராவிட்டால் உடனே ஃபோன் பறக்கும். குடிநீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மிச்சமிருக்க வேண்டும் என்பது மலேசியத் தரவிதி. காலரா, டைஃபாய்டு கிருமிகள் குழாய்க்குள் தலைகாட்டினால் அடக்குவது இந்த மிச்சம்தான்.

நம் தண்ணீர் வரும் தூரத்தை நினைத்தால் அது ஏன் தேவை என்று புரியும். தைப்பூசத்துக்குக் காவடி ஏறும் தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பழைய ஜார்ஜ்டவுன் குடித்தது அந்த அருவித் தண்ணீரைத்தான். ஊர் பெருத்தது, அருவி போதவில்லை. 1962இல் ஆயர் ஈத்தாம் அணை, 1999இல் தெலுக் பஹாங் அணை என்று கட்டியும் தீவுக்குள் கிடைப்பது பற்றவில்லை. இன்று பினாங்கின் தண்ணீரில் 80 விழுக்காட்டுக்கு மேல் சுங்கை மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அந்த ஆறு பிறப்பது கெடாவின் உலு மூடா காட்டில். அங்கே மரம் வெட்டினால் இங்கே குழாய்க்குக் கவலை. கடலுக்குச் சற்று முன்னால் ஆற்றிலிருந்து இறைத்து, பெருநிலத்தில் இருக்கும் சுங்கை டுவா ஆலையில் சுத்தம் செய்து, கடலுக்கடியில் போட்ட குழாய்கள் வழியாகத் தீவுக்கு அனுப்புகிறார்கள்.

ஆலைக்குள் எனக்குப் பிடித்த வேலை ஜாடிச் சோதனை. கெடாப் பக்கம் ஒரு ராத்திரி கனமழை பெய்தால், ஆறு தேத்தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் வந்து நிற்கும். நேற்றுப் போட்ட படிகாரக் கணக்கு இன்றைக்கு உதவாது. ஆறு ஜாடிகளில் அதே ஆற்று நீரை ஊற்றி, ஒவ்வொன்றிலும் படிகாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் போட்டு, முதலில் வேகமாகவும் அப்புறம் மெதுவாகவும் கலக்க வேண்டும். கண்ணுக்கே தெரியாத மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சுப் பொதி மாதிரி திரளும். எந்த ஜாடியில் பொதி கனமாகிச் சீக்கிரம் அடியில் இறங்குகிறதோ, அந்த அளவுதான் அன்றைக்கு ஆலைக்கு. குறைந்தால் கலங்கல் போகாது. கூடினால் மருந்தும் வீண், தண்ணீரில் அமிலத்தன்மையும் ஏறும். மீதி தெரிந்த கதைதான்: தெளிய விட்டு, மணல் படுகையில் வடித்து, குளோரினும் பற்களுக்காகக் கொஞ்சம் ஃபுளோரைடும் சேர்ப்பார்கள்.

சரி, வீட்டுக்கு வருவோம். மீட்டருக்கு இந்தப் பக்கம் இருக்கும் குழாயும், கூரைக்கடியில் தண்ணீர் தேக்கும் டேங்கியும் நம் பொறுப்பு. அங்கேதான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறோம். வீட்டுக்கு வெளியே, மீட்டரை ஒட்டி ஃபில்டர் மாட்டுகிறார்களே, அதில் வெறும் மணல் இருந்தால் பரவாயில்லை. கரி இருந்தால் அது குளோரினை உறிஞ்சிவிடும். காவலாளை வாசலிலேயே அனுப்பிவிட்டு, வெறும் தண்ணீரைக் கூரைக்கடியில், வெயில் சூட்டில், நாள்கணக்கில் தேக்கி வைக்கிற கதை. வாசனை பிடிக்காதவர்கள் கரி ஃபில்டரைச் சமையலறைக் குழாயில் மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதைக் காலத்தில் மாற்ற வேண்டும். கொதிக்க வைத்தாலும் வாசனை போய்விடும். ஆனால் அந்த நீரிலும் காவல் இல்லை, மூடி வைத்து ஒரு நாளில் குடித்துவிடுங்கள்.

ஃபில்டர் விற்பவர்களின் இன்னொரு வித்தை: தண்ணீரில் இரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். குழாய்த் தண்ணீர் சேறு மாதிரி ஆகும், அவர்கள் தண்ணீர் தெளிவாகவே நிற்கும். அந்தப் பழுப்பு, கம்பியிலிருந்து கரைந்த இரும்புத் துரு. தாது உப்பே இல்லாத நீரில் மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் துருவும் இல்லை. அவர்களுடைய 'சுத்தமான' டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். நான் ஒருமுறை கேட்டேன். அந்த ஆள் அவசர வேலை இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்.

2024 ஜனவரியில் சுங்கை டுவாவில் பெரிய வால்வுகளை மாற்ற நான்கு நாள் தண்ணீரை நிறுத்தினார்களே, அப்போது எல்லாரும் வாளி வாளியாகப் பிடித்து வைத்தோம். திறந்து வைத்த வாளியில் குளோரின் ஓரிரு நாளில் போய்விடும், கொசு மட்டும் போகாது, முட்டையிட வரும். அதனால் மூடி முக்கியம். மறுபடி தண்ணீர் வரும்போது டேங்கிக்குப் போகும் வால்வை மூடிவிட்டு, மீட்டர் பக்கத்துக் குழாயைத் திறந்துவிடுங்கள். காய்ந்த குழாயில் பெயர்ந்த துரு முதலில் அதில் வெளியேறட்டும்.

பையன் போன பிறகு அத்தையிடம் டேங்கியைக் கடைசியாக எப்போது கழுவினீர்கள் என்று கேட்டேன். "மாமா இருந்தப்போ" என்றார். மாமா போய் ஆறு வருடம். ஏணி வாங்கி ஏறிப் பார்த்தால், மூடி ஒரு பக்கம் உடைந்திருந்தது. அடியில் அரை அங்குலச் சேறு, அதற்கு மேல் ஒரு பல்லி. கழுவி முடிக்க மணி ஏழாகிவிட்டது.